நுஸ்ரத் ஏற மறுத்த சக்கரங்கள்

மூவார் ஊரில் ஆற்றோரச் சாலையை ஒட்டி இருக்கும் எஸ்.என். சைக்கிள் கடையில் அண்ணனும் தங்கையும் முட்டிக்கொள்வது அக்கம்பக்கத்தாருக்குப் புதிதல்ல. ஆனால் அந்தச் சனிக்கிழமை அவர்கள் வாடிக்கையாளர்களை வைத்துக்கொண்டே சண்டை போட்டார்கள்.

ஷாநவாஸ் அட்டைப்பெட்டியைப் பிரித்து இரண்டு கறுப்புச் சக்கரங்களை எடுத்து மேசைமேல் வைத்தான். கார்பன் ரிம். பக்கவாட்டில் வெள்ளை எழுத்தில் ‘ஷான்ஸ்’ என்று அவன் பெயரே அச்சாகியிருந்தது. சீனாவில் ஏதோ ஒரு பட்டறையில் செய்யச் சொல்லி வரவழைத்தவை.

“யோங் பெங் ரேஸுக்கு இதுலதான் நீ ஓடுற” என்றான்.

நுஸ்ரத் பின்சக்கரத்தைத் தூக்கிப் பார்த்தாள். அவளையறியாமல் புருவம் உயர்ந்தது. அவ்வளவு இலேசு. மலைச் சைக்கிள் பந்தயத்தில் பத்து வருடமாக ஓடுகிறவளுக்கு அதன் அருமை தெரியாதா? நடுக் குடமான ஹப்பில் எடை குறைந்தால் தராசுக்குத்தான் தெரியும். ரிம்மில் குறைந்தால் ஏற்றத்தில் முதல் மிதியிலேயே கால் சொல்லிவிடும். அவள் இப்போது ஓட்டும் அலுமினியச் சக்கரங்களைவிட இந்த ஜோடி அரைக் கிலோவாவது குறைவாக இருக்கும்.

பிறகு ரிம்மைச் சுண்டினாள். ஓரிடத்தில் ஒரு சத்தம், கொஞ்சம் தள்ளி வேறொரு சத்தம். ஸ்போக்குகளை இரண்டிரண்டாகப் பிடித்து அமுக்கினாள். சில கம்பிகள் முறுக்காக இருந்தன, சில தொளதொளவென்று. எண்ணிக்கையும் குறைவு. எடையைக் குறைக்க ஸ்போக்கையும் குறைத்திருந்தார்கள்.

“யாரு இத டெஸ்ட் பண்ணது, காக்கா?” என்று அண்ணனைக் கேட்டாள்.

“சர்டிபிகேட் இருக்கு.”

“சர்டிபிகேட் பாறையில எறங்காது. நான்தான் எறங்கணும். எனக்கு அலுமினியமே போதும். என் கையால கட்டினது. ஸ்போக் ஒண்ணு போனாகூட வீடு வந்து சேரும்.”

கடையில் கையுறை பார்த்துக்கொண்டிருந்த இருவர் திரும்பினார்கள். ஷாநவாஸின் காது மடல் சிவந்தது.

“பத்து வருஷமா அதே அலுமினியம், அதே மூணாவது எடம். வெய்ட்ட தூக்கிக்கிட்டு மலை ஏறிட்டு அப்பறம் காலு வலிக்குதுன்னு சொல்றது. நான் கட போட்டு, டீம் நடத்தி, ஜெர்சி தச்சுக் குடுத்து...”

“கட நீ மட்டுமா போட்ட?”

எஸ்.என். என்றால் ஷாநவாஸ், நுஸ்ரத். கடை திறந்த முதல் வருடம் அவள் வேலை முடிந்து நேரே இங்கே வந்து உட்கார்ந்து சக்கரம் கட்டுவாள். அவள் கட்டிய சக்கரத்துக்காகவே பத்து பஹாட் ஊரிலிருந்து ஆட்கள் வந்தார்கள். இப்போது கொஞ்ச நாளாக ‘என்’ யார் என்று யாராவது கேட்டால், அது தன் மகன் நவ்சாத் என்று ஷாநவாஸ் சொல்கிறான். அவள் பக்கத்தில் நிற்கும்போதே ஒரு தடவை சொன்னான்.

“பிடிக்கலன்னா போ லா. வேற ஆள் இல்லயா எனக்கு?” என்றான்.

அவள் போனாள். போகும்போது பெட்டியில் தனியாகக் கிடந்த, ஸ்போக் கோக்காத ஒரு ரிம்மைக் கையோடு எடுத்துக்கொண்டாள். அவன் பார்த்துக்கொண்டுதான் இருந்தான், தடுக்கவில்லை.

நுஸ்ரத்துக்கு வேலை பக்ரி ஊர்ப் பக்கம் ஒரு நாற்காலித் தொழிற்சாலையில். நாற்காலியை உடைப்பதுதான் அவள் தொழில். வெளிநாட்டுக்குப் போகும் ஒவ்வொரு மாதிரியிலிருந்தும் ஒன்றிரண்டை எடுத்து, இருக்கையின் மேல் மணல் மூட்டையை விழவைத்து, முதுகை இயந்திரத்தால் தள்ளித் தள்ளி, எந்த மூட்டு முதலில் விடுகிறது என்று பார்க்க வேண்டும். சூப்பர்வைசரிடம் கேட்டுக்கொண்டு, திங்கட்கிழமை சாப்பாட்டு நேரத்தில் ரிம்மை அந்த இயந்திரத்துக்கு அடியில் பொருத்தினாள். பக்கத்தில் பழைய அலுமினிய ரிம் ஒன்றையும் வைத்தாள். இரண்டுக்கும் ஒரே அடி.

அலுமினியம் கொஞ்சம் நெளிந்தது. இன்னும் அடித்ததும் இன்னும் நெளிந்தது. அவ்வளவுதான். கார்பன் ரிம் ரொம்ப நேரம் அசையவே இல்லை. வெட்கமாகக்கூட இருந்தது அவளுக்கு. காக்கா சொன்னதுதான் சரியோ என்று நினைத்தபோது ‘டிக்’ என்று ஒரு சின்னச் சத்தம் வந்தது. ஸ்போக் நுழையும் துளையிலிருந்து பக்கத்துத் துளை வரைக்கும் முடி மாதிரி ஒரு கோடு. அந்த இடத்தை ரம்பத்தால் அறுத்துப் பார்த்தாள். உள்சுவர் ஒரு பக்கம் தடித்தும் ஒரு பக்கம் காகிதமாகவும் இருந்தது, அவசரத்தில் வீசிய ரொட்டி மாவு மாதிரி.

அறுத்த துண்டைச் சாயங்காலம் கொண்டுபோய்க் காட்டினாள். ஷாநவாஸ் அதைத் தொடக்கூட இல்லை.

“நாற்காலி ஒடைக்கிற மிஷின்ல வீல வச்சா ஒடையத்தான் செய்யும். டயர் இல்ல, காத்து இல்ல, ஸ்போக் இல்ல. இது ஒரு டெஸ்டா?”

அதில் நியாயம் இல்லாமல் இல்லை. அது அவளுக்கும் தெரியும். அதனாலேயே கோபம் இன்னும் ஏறியது.

“சரி, நீயே ஏறு. ஏறி அந்தக் கல்லு எறக்கத்துல எறங்கிக் காட்டு.”

“நான் எதுக்கு எறங்கணும்? லோஷினி எறங்குவா” என்றான் அவன். “நேத்தே பேசிட்டேன். இனிமே டீமுக்கு அவதான். உன் ஜெர்சிய வீட்ல குடுத்துடு, பஸீலா வாங்கி வச்சுக்குவா.” பஸீலா அவன் மனைவி.

லோஷினி யோங் பெங் பெண். வயது இருபத்து மூன்று. அப்பா எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் காய் ஏற்றும் லாரி ஓட்டுகிறார், அவள் நெடுஞ்சாலைப் பக்கத்து லாரிக் கம்பெனி ஒன்றின் அலுவலகத்தில் இருக்கிறாள். பந்தயம் நடக்கப்போகும் செம்பனைத் தோட்டத்துப் பாதைகளில் சின்ன வயதிலிருந்து சைக்கிள் விட்டவள். உடம்பில் எடையே கிடையாது. போன வருடம் நுஸ்ரத்தின் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு வந்து, கடைசி வளைவில் முழங்கையால் இடித்து முந்திப் போனாள். நடுவர் பார்க்கவில்லை. நுஸ்ரத் அதை மறக்கவும் இல்லை.

இருந்தாலும் அவளைத் தேடிப் போனாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை, தோட்டத்து வாசலில் லோஷினி காரிலிருந்து சைக்கிளை இறக்கிக்கொண்டிருந்தாள். புதுச் சக்கரங்கள் வெயிலில் மின்னின.

“லோஷினி, அந்த வீல் நல்லதில்ல. உள்ள சரியா செய்யல. நான் அறுத்துப் பாத்தேன்.”

லோஷினி நிமிரவே இல்லை. “பாஸ் சொன்னாரு, நீங்க வருவீங்கன்னு.”

“வேணும்னா துண்டைக் காட்டுறேன்.”

“அக்கா, ஒண்ணு கேக்குறேன். இந்த வீல்ல நான் ஜெயிச்சா உங்களுக்கு எரியுமா எரியாதா?”

நுஸ்ரத் பதில் சொல்ல ஒரு கணம் தாமதித்தாள். லோஷினிக்கு அந்தத் தாமதமே போதுமாக இருந்தது.

“அலமாக், அப்ப போங்கக்கா. காலையிலயே வந்து ஆள பயமுறுத்திக்கிட்டு” என்று சலித்துக்கொண்டாள்.

கையில் இருந்த துண்டை நுஸ்ரத் காட்டவே இல்லை. பைக்குள் போட்டுக்கொண்டு திரும்பினாள். இவள் விழட்டும், பல்லு உடையட்டும் என்று வழியெல்லாம் அவள் மனசு சொல்லிக்கொண்டே வந்தது. அப்படி நினைக்கிறோமே என்று அவளுக்குத் தோன்றவும் இல்லை.

பந்தயத்துக்கு அவள் தனி ஆளாகப் பெயர் கொடுத்தாள். சக்கரத்தைப் புதிதாகக் கட்டினாள். ஆசைக்கு மெல்லிய ரிம் எடுக்காமல், அகலமான அலுமினிய ரிம்மில் ஸ்போக்கைக் குறைக்காமல் கோத்தாள். எடையைக் குறைக்க முடிந்த இடத்தில், அதாவது டயரில், கொஞ்சம் குறைத்தாள். பிறகு அதுவும் மனசுக்கு ஒப்பாமல் பின்னால் தடித்த டயரையே மாட்டினாள். பாதையில் விழுந்த செம்பனை மட்டையின் முள் டயரைக் கிழித்தால் இலேசான சக்கரத்தைத் தோளில் போட்டுக்கொண்டு நடக்க வேண்டியதுதான்.

முந்தின நாள் பெய்த மழையில் செம்மண் பாதை குழம்பாகிக் கிடந்தது. ஷாநவாஸ் மேட்டில் பெரிய கூடாரம் போட்டு, ‘ஷான்ஸ்’ கொடி கட்டி, ஒலிபெருக்கிக்காரனைத் தன் சக்கரத்தைப் பற்றி ஓயாமல் பேசவைத்திருந்தான். நுஸ்ரத் தொடக்கக் கோட்டுக்கு வந்தபோது அவன் அவளைத் தாண்டி அப்பால் யாரையோ பார்த்துக் கையசைத்தான்.

முதல் ஏற்றத்திலேயே லோஷினி பிய்த்துக்கொண்டு போனாள். சேற்றில் எல்லாரும் மூச்சுவாங்க, அவள் ஒவ்வொரு மிதிக்கும் ஒரு துள்ளு துள்ளினாள். அது முழுக்கச் சக்கரத்தின் வேலை அல்ல, அவள் கால்தான். ஆனால் சக்கரமும் கூடச் சேர்ந்துகொண்டது. நுஸ்ரத்துக்குத் தன் சக்கரம் ஆட்டுக்கல்லாகக் கனத்தது. இறக்கத்தில் அவள் விடவில்லை. லோஷினி பாறைக்குப் பாறை தயங்குகிற இடத்தில் இவள் பிரேக்கை விட்டுவிட்டு நேரே இறங்கினாள். ஏற்றத்தில் போனதை இறக்கத்தில் பிடித்தாள். சுற்றுக்குச் சுற்று இதே கதைதான்.

கடைசிச் சுற்றில், கல்லிறக்கத்தின் உச்சியில், இரண்டு சைக்கிளுக்கும் நடுவில் ஒரு கை நீளம்தான். பாதை ஒற்றையடி, முந்த வழியில்லை. நுஸ்ரத்தின் கண் முன்னால் லோஷினியின் பின்சக்கரம் மட்டும் இருந்தது.

பாறையில் அது இறங்கியது. அடுத்த பாறையில் மோதியது. ‘டக்’ என்று காய்ந்த மரத்தைத் தட்டினாற்போல் ஒரு சத்தம். மறுபடி அதே சத்தம். நாற்காலியை உடைத்துப் பழகிய காது அது, தப்பாது. ரிம் விடத் தொடங்கிவிட்டது. கத்தியிருக்கலாம். “நிறுத்து, வீல் போகுது” என்று ஒரு வார்த்தை. லோஷினி நம்பியிருக்க மாட்டாள், அது வேறு. ஆனால் நுஸ்ரத்துக்கு வாயைத் திறக்கவே தோன்றவில்லை. அவள் கொஞ்சம் பின்வாங்கினாள். முன்னால் இருப்பவள் விழுந்தால் தான் மேலே ஏறிவிடாமல் ஒதுங்க இடம் விட்டுக்கொண்டாள். உடை, உடை என்று பல்லைக் கடித்துக்கொண்டே இறங்கினாள்.

உடையவில்லை. இறக்கம் முடிந்து சமதரை வந்தது. விட்டுக்கொடுத்த இடைவெளியை நுஸ்ரத்தால் மறுபடி பிடிக்க முடியவில்லை. இரண்டு சைக்கிள் நீளத்தில் லோஷினி ஜெயித்தாள்.

கூடாரத்தில் திருவிழாதான். ஷாநவாஸ் லோஷினியின் சைக்கிளை ஒரு தாங்கியில் உயரமாக நிறுத்தி, பின்சக்கரத்தைச் சுற்றிவிட்டுக்கொண்டிருந்தான். ஜொகூர் பாருவிலிருந்தும் குளுவாங்கிலிருந்தும் வந்த ஆட்கள் சூழ்ந்து நின்று படம் பிடித்தார்கள். இரண்டு மூன்று பேர் பெயர் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். சேறு காயாத முகத்தோடு நுஸ்ரத் அந்தப் பக்கம் வந்ததும் அவன் குரலை உயர்த்தினான்.

“இதோ வந்துட்டாங்க எஞ்சினியர். நாற்காலி மிஷின்ல போட்டு ஒடஞ்சுபோச்சுன்னு சொன்னாங்கல்ல, இவங்கதான். என் சொந்தத் தங்கச்சி. கேளுங்க, இன்னிக்கு ஒடஞ்சுதான்னு கேளுங்க.”

சிரித்தார்கள். நுஸ்ரத் சிரிப்பவர்களைப் பார்க்கவில்லை, சக்கரத்தைப் பார்த்தாள். ஸ்போக்குகள் ரிம்முக்குள் நுழையும் இடத்தில் இரண்டு மூன்று இடங்களில் வெள்ளையாக ஏதோ கசிந்து வழிந்திருந்தது. டியூப் இல்லாத டயருக்குள் ஓட்டை அடைக்க ஊற்றும் பால் அது.

“டயரக் கழட்டு” என்றாள்.

“டேப் லீக் லா அது. எல்லா வீல்லயும் வரும்.”

“அப்ப கழட்டு. எதுக்குப் பயப்படுற?”

அவன் பயப்படுகிறவனா? அத்தனை பேருக்கு முன்னால் தங்கச்சி வாயை அடைக்க இதைவிட நல்ல சந்தர்ப்பம் வராது என்றுதான் அவனுக்குத் தோன்றியிருக்க வேண்டும். அவனே சக்கரத்தை இறக்கினான், அவனே காற்றைப் பிடுங்கினான், டயரை நெம்பி எடுத்து, உள்ளே ஒட்டியிருந்த டேப் நாடாவையும் உரித்தான். வெள்ளைப் பால் அவன் சட்டையெல்லாம் தெறித்தது. பழந்துணியால் ரிம்மைத் துடைத்துத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினான்.

“எங்க? எங்க இருக்கு?”

முன்வரிசையில் நின்ற ஒருவர் சங்கடத்தோடு கையை நீட்டி, “அங்க, தவுக்கே” என்று கடை முதலாளிக்குக் காட்டினார்.

துளைகளுக்கு நடுவே கோடு ஓடியிருந்தது. ஒன்று அல்ல, வரிசையாக. நுஸ்ரத் பக்கத்தில் வந்து ஒரு ஸ்போக்கைப் பிடித்துப் பக்கவாட்டில் இழுத்தாள். கோடு வாயைத் திறந்து மூடியது. அப்படி ஒருமுறை செய்தது போதாதென்று மறுபடி இழுத்தாள். அப்புறம் இன்னொரு முறை, அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டே.

“இன்னொரு சுத்து இருந்திருந்தா, இந்தப் புள்ள மூஞ்சி பாறையில” என்றாள்.

பெயர் கொடுத்தவர்களில் ஒருவர் காதில் போனை வைத்துக்கொண்டு நழுவினார். மற்றவர்கள் தண்ணீர் வாங்கப் போகிற மாதிரி ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். ஒலிபெருக்கிக்காரனுக்கு விஷயம் எட்டவில்லை, அவன் இன்னும் ‘ஷான்ஸ்’ பெருமையைச் சொல்லிக்கொண்டிருந்தான். ஷாநவாஸ் ரிம்மைக் கீழே போட்டான்.

“குடும்பத்த நாசமாக்கிட்ட. உனக்குச் சந்தோஷமா?”

“குடும்பம்னு இப்பதான் ஞாபகம் வருதா?” என்றாள் அவள்.

லோஷினி இதையெல்லாம் கூடாரக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள். கழுத்தில் பதக்கம் தொங்கியது. முகம் வெளிறிப்போயிருந்தது. நுஸ்ரத் தன் காரில் சைக்கிளை ஏற்றிக்கொண்டிருக்கும்போது பின்னாலேயே வந்தாள். நன்றி சொல்ல வருகிறாள் என்றுதான் நுஸ்ரத் நினைத்தாள்.

“அந்த எறக்கத்துல நீங்க பின்னாடிதானே வந்தீங்க?”

“ஆமா.”

“சத்தம் கேட்டுச்சா?”

நுஸ்ரத் பட்டையை இறுக்குவதை நிறுத்தவில்லை. “கேட்டுச்சு.”

“எனக்குப் பின்னாடி ஒட்டிக்கிட்டே வந்த ஆளு, அங்க மட்டும் ஏன் பின்னுக்குப் போனீங்கன்னு அப்பவே நெனச்சேன். நான் விழுவேன்னு எடம் விட்டீங்க.”

பொய் சொல்லியிருந்தால் அங்கேயே முடிந்திருக்கும். சேற்றில் சறுக்கியது, மூச்சு போதவில்லை என்று எத்தனையோ சொல்லலாம். நுஸ்ரத்துக்கு அலுப்பாக இருந்தது. இந்தப் பெண்ணிடம் நல்லவளாக நடிப்பதும் அலுப்பாக இருந்தது.

“ஆமா. ஒடையணும்னுதான் நெனச்சேன்.”

லோஷினி அழப்போகிறாள் என்று தோன்றியது, ஆனால் அவள் அழவில்லை.

“பாஸுக்கு வீல் வித்தா போதும். உங்களுக்கு நான் விழுந்தா போதும். நான் ஜெயிச்சது உங்க ரெண்டு பேருக்கும் கணக்கே இல்ல. என் பேர யாராச்சும் சொன்னாங்களா அங்க? வீல் வீல்னு... இன்னொரு வாட்டி என்கிட்ட பேசாதீங்கக்கா. அக்கான்னு கூப்பிட்டதே தப்பு.”

போய்விட்டாள். நுஸ்ரத் காருக்குள் உட்கார்ந்து தலைக்கவசத்துக்குள் கட்டியிருந்த தொப்பித் துணியை அவிழ்த்தாள். நியாயம் தன் பக்கம்தான் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அந்த நியாயத்தை வீட்டுக்கு எடுத்துப்போய்ச் சொல்ல ஒரு ஆள்கூட இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

அன்று சாயங்காலம் இருவரையும் பெற்ற உம்மா ஜன்னத்துல் பிர்தௌஸ் போன் செய்தார். காக்காவை அத்தனை பேருக்கு முன்னால் மானங்கெடுத்த வேண்டுமா, தனியாகக் கூப்பிட்டுச் சொல்லக்கூடாதா என்று கேட்டார். அறுத்த துண்டைத் தனியாகத்தான் காட்டினேன் உம்மா என்றாள் நுஸ்ரத். நீ கையாலே அந்த ரிம்மை ஏதோ செய்துவிட்டாய் என்று காக்கா சொல்கிறானே என்றார் உம்மா. அவள் போனை வைத்துவிட்டாள்.

ஷாநவாஸ் அந்தச் சக்கரங்களைத் திருப்பி அனுப்பினான் என்று சிலர் சொன்னார்கள், பெட்டியோடு கடை மாடியில் கிடக்கின்றன என்று சிலர் சொன்னார்கள். எப்படியோ, அப்புறம் அவை யாருக்கும் விற்கப்படவில்லை. யாரும் விழவில்லை. கடைப் பலகை மாறியது. இப்போது ‘ஷாநவாஸ் சைக்கிள்’. நோன்புப் பெருநாளைக்கு அண்ணனும் தங்கையும் உம்மா வீட்டில் ஒரே அறையில் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். பஸீலா மட்டும் பலகாரத் தட்டை இரண்டு பக்கமும் மாறி மாறி நீட்டினாள். அவன் எடுத்த தட்டிலிருந்து நுஸ்ரத் எடுக்கவில்லை.

நுஸ்ரத் வீட்டுக் கார் நிறுத்துமிடத்தில் ஒரு தாங்கியை வைத்துச் சக்கரம் கட்டத் தொடங்கினாள். கேட்டு வந்தவர்களிடம் முதலில் உடம்பு எடையைக் கேட்பாள், பிறகு எந்தப் பாதையில் ஓட்டுகிறார்கள் என்று கேட்பாள். ரொம்ப இலேசாக வேண்டும் என்று வற்புறுத்துகிறவர்களை வேறு இடம் பார்க்கச் சொல்லிவிடுவாள். அதிலும் சில பேருக்கு அவள்மேல் மனத்தாங்கல்.

அடுத்த பந்தயம் பொந்தியான் பக்கம் நடந்தது. லோஷினி வந்திருந்தாள். அலுமினியச் சக்கரங்கள், யாரோ நன்றாகக் கட்டியிருந்தார்கள், பார்த்தவுடனே தெரிந்தது. மூவார்க் கட்டு இல்லை, சிங்கப்பூரில் கட்டியதாக இருக்கலாம். ஜெர்சியில் எந்தக் கடைப் பெயரும் இல்லை. முதுகில் ‘லோஷினி அர்ச்சுனன்’ என்று பெரிதாக அச்சடித்துக்கொண்டு வந்திருந்தாள்.

முதல் சுற்றின் நடுவிலேயே அவள் நுஸ்ரத்தைத் தாண்டிப் போனாள். இடிக்கவில்லை, திரும்பியும் பார்க்கவில்லை. இறக்கத்தில் பிடித்துவிடலாம் என்று நுஸ்ரத் வழக்கம்போல் கணக்குப் போட்டாள். ஆனால் அங்கேயும் லோஷினி இந்த முறை தயங்கவில்லை. அடியில் இருப்பதை நம்பி இறங்குகிறவளின் இறக்கம் அது. அடுத்த சுற்றுக்குள் கண்ணுக்கே தெரியாத தூரத்துக்குப் போய்விட்டாள்.

நுஸ்ரத்துக்கு இரண்டாம் இடம். மேடையில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள். படம் எடுக்கிறவன் கொஞ்சம் நெருங்கி நிற்கச் சொன்னான். இருவரும் அசையவில்லை. அவன் இன்னொரு முறை சொல்லிப் பார்த்துவிட்டு, இரண்டடி பின்னால் போய் இடைவெளியோடு சேர்த்தே படம் எடுத்துக்கொண்டான்.